செத்தல் மிளகாய்ப் பெட்டி மட்டை

அக்கா,

படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் அலுமாரியைத் திறந்ததும் தும்மல் வந்துவிட்டது. உங்களுடைய மட்டைதான். லண்டன் தோர்ண்டன் ஹீத் கடையில் செத்தல் மிளகாய்ப் பெட்டியொன்றை வாங்கிக் கிழித்து, 'ஆற்றை ஓட விடு' என்று ஆங்கிலத்தில் எழுதினீர்களே, அதன் காரம் இன்னும் போகவில்லை. "இதையும் குப்பையிலை போடட்டே?" என்று மனைவி கேட்டாள். நான் தொட விடவில்லை.

பெலீஸ் நாட்டில் நீங்கள் கணக்குப் படிப்பித்த ஊருக்கு மேலே, மின்சாரத்துக்காக அணை கட்டி ஆற்றை மறிக்கப் போவதாகச் சொல்ல, கம்பெனிக்காரர் இங்கே ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். உங்களைக் காரில் கொண்டுவந்த நானும் உள்ளே இருந்தேன். அகன்ற நீர்த்தேக்கத்தின் படத்தைத் திரையில் காட்டியதும் கைதட்டிவிட்டேன். யாழ்ப்பாணத்தான் வேறென்ன செய்வான்? ஆறே இல்லாத ஊர், கிணற்றை நம்பிப் பிழைத்த சனம். தண்ணீரை மறித்து வைப்பவன் எங்களுக்குப் புண்ணியவான்.

நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் என் கை அப்படியே நின்றுவிட்டது. "தம்பி, பஞ்சவர்ணக்கிளியள் கூடு கட்டிற பள்ளத்தாக்கு முழுக்க அந்தத் தண்ணிக்குக் கீழை தாழப்போகுது. கைதட்டினனி எல்லே, இனி என்னோடை வந்து நில்."

நின்றேன். அணைக்கு எதிராகப் பெலீசில் போட்ட வழக்கு கடைசி முறையீட்டுக்காக லண்டனுக்கு வந்தபோது நீதிமன்ற வாசலில், மழைக்குள், மட்டையின் ஒரு முனையை நீங்களும் மறு முனையை நானும் பிடித்திருந்தோம். நனைந்த மிளகாய் மணத்துக்குக் காவலாளி தும்மிக்கொண்டே இருந்தான். உங்களுக்கு ஒரே சிரிப்பு. எங்கள் ஆட்களே நக்கலடித்தார்கள்: "ஆறில்லாத ஊர்ப் பொம்பிளைக்கு ஆத்திலை என்ன வேலை?" நீங்கள் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னீர்கள்: "அங்கை போய்த்தான் ஆறெண்டா என்னெண்டு கண்டனான். அதையும் மறிக்க விடுவனே?"

தோற்றோம். அணை எழுந்தது. இனி வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையே போன் எடுத்தீர்கள். "வழக்குத்தான் தோத்தது. நாங்கள் தோத்ததெண்டு ஆர் சொன்னது? மட்டையைக் கொண்டு வா." நோய் உங்களைக் கட்டிலில் கிடத்தும்வரை நீங்கள் விடவில்லை.

நீங்கள் இல்லாத இந்த மாரிக்காலம் எனக்குப் பொல்லாதது. ஆனால் அழுதுகொண்டு வீட்டில் இருக்கப் போவதில்லை. இன்று மாலை அதே மண்டபத்தில், அணையின் பெருமை சொல்ல மறுபடியும் கூட்டம். எதிர்த்துப் பேச இனி யாரும் மிஞ்சவில்லை என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் நிற்கப் போகிறேன், அக்கா. அதே தண்ணீரைத் திரையில் காட்டுவார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். என் இரண்டு கையும் மட்டையில் இருக்கும்.