கொஞ்ச நாளைக்கு வைத்திருக்க

மார்ச் 4, செவ்வாய்

பனி இன்னும் கரையவில்லை. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் நாள் முழுவதும் போன வருடத்து இறப்புக் கணக்கு. எங்கள் மாவட்டத்தில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏழு பேர். ஒருவர் துடைக்கும்போது வெடித்து. மற்ற ஆறு பேரும் தங்களைத் தாங்களே. துப்பாக்கிச் சாவு என்றால் இங்கே எல்லோருக்கும் பெருநகரத்துத் தெருச்சண்டைதான் நினைவுக்கு வரும். மாண்டானாவின் இந்த மூலையில் அது சமையலறையில் நடக்கிறது, மாட்டுக் கொட்டகையில் நடக்கிறது.

காய்ச்சல் பரவினால் எழுதுவது போலவே எழுதச் சொன்னார்கள்: யார், எங்கே, எப்போது. எழுதினேன். ஆறு பேரில் மூன்று பேருக்கு நானே தடுப்பூசி போட்டிருக்கிறேன்.

மார்ச் 11

ஓரின் ட்வைட்டின் துப்பாக்கிக் கடைக்கு அட்டைகளோடு போனேன். மனசு சரியில்லாத ஒருவரின் துப்பாக்கிகளை, அந்தக் காலம் கடக்கும்வரை நண்பர் யாராவது வாங்கி வைத்திருக்கட்டும் — அட்டையில் அவ்வளவுதான், மேலே தொப்பி போட்ட ஒரு பண்ணைக்காரன் படம். ஓரின் என் தம்பி வெண்டலோடு படித்தவன்.

“என்ன நர்சம்மா, எங்க துப்பாக்கியைப் பிடுங்க வந்தாச்சா?”

என் மான் வேட்டைத் துப்பாக்கியே உன்னிடம் வாங்கியதுதானே என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுல இருக்கிற ஆளோட தொப்பியில ஒரு தூசி இல்ல. இவன் மாட்டையே பாத்திருக்க மாட்டான். இவன் சொல்லி எவன் கேப்பான்?”

ஆனாலும் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னான்.

மார்ச் 12

தொப்பி விஷயத்தில் அவன் சொன்னது சரிதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெண்டல் வீட்டில் சாப்பாடு. வறட்சியில் மாடுகளை விற்று ஆறு மாதம் ஆகிறது. முழங்காலும் போய்விட்டது. அவன் மனைவி கோனி இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது எழுப்பியிருப்பாள். அவள் போய் இரண்டு வருடம். நாயைப் பக்கத்துப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டானாம். கிளம்பும்போது தன் சேணத்தை என் வண்டியில் ஏற்றினான். “எனக்கு எதுக்கு இனிமே.”

ஊர் ஊராய்ப் போய், சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் யாருக்கும் அந்த நினைப்பு வந்துவிடாது என்று வகுப்பெடுக்கிறவள் நான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பதில் தெரிந்துவிடும் என்றா?

ஏப்ரல் 9, புதன்

மதியமே கிளம்பிவிட்டேன். நாற்பது மைல். மாடே இல்லாத நிலத்துக்கு வேலிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான்.

“வெண்டல், செத்துப் போகலாம்னு நெனைக்கிறியா?”

குறடைக் கீழே வைக்கவில்லை. கம்பியை இன்னொரு சுற்று முறுக்கிவிட்டு, “சில நாள்” என்றான். எப்படி என்று யோசித்தாயா என்றேன். வீட்டுப் பக்கம் பார்த்தான். அப்பாவின் கைத்துப்பாக்கி அங்கேதான் இருக்கிறது.

எல்லாவற்றையும் என்னிடம் கொடு என்றதும் கோபம் வந்துவிட்டது. “நர்ஸா வந்தியா, அக்காவா வந்தியா?”

“ரெண்டும்தான்டா.”

ஒரு தடவை கொடுத்தால் அரசாங்கம் திருப்பித் தராது என்றான். நான் அரசாங்கமா? என்ன சொல்லியும் கேட்கவில்லை. அவனை விட்டு நகரப் பயமாக இருந்தது. அவன் எதிரிலேயே ஓரினுக்குப் போன் செய்தேன்.

ஒரு மணி நேரத்தில் வந்தான். என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேராக வேலியில் போய்ச் சாய்ந்துகொண்டான். கடையில் இல்லை, தன் வீட்டுப் பெட்டகத்தில் வைப்பதாகச் சொன்னான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “போன செப்டம்பர்ல கேல் என் கடையிலதான் வாங்குனான். தோட்டா எத்தனை டப்பான்னு கேட்டேன். ஒண்ணே போதும், அதுவே அதிகம்னான். நான் சிரிச்சேன் வெண்டல். அவன்கூடச் சேர்ந்து சிரிச்சேன்.”

கேல் என் கணக்கில் நான்காவது வரி.

ஐந்து துப்பாக்கிகள் ஓரினின் வண்டியில் போயின. கடைசியாக அப்பாவுடையது. வெண்டலே எடுத்து வந்து கொடுத்தான்.

ஏப்ரல் 10

இரண்டு மணி நேரம் ஓட்டி டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை, வாரம் ஒருமுறை ஆலோசகரோடு பேச்சு. என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

மே 2

வெண்டல் இன்னும் போனை எடுப்பதில்லை. வியாழன்தோறும் கடைக்கு வந்து காபி குடிக்கிறானாம், ஓரின் சொன்னான். துப்பாக்கியைத் திருப்பிக் கேட்பதில்லையாம். சும்மா உட்கார்ந்திருக்கிறானாம்.

ஜூன் 19

ஓரின் கூப்பிட்டான். நரி வருகிறது, ஒரு துப்பாக்கி வேண்டும் என்று வெண்டல் வந்து நின்றானாம். நாளைக்கு நானே வந்து சுடுகிறேன் என்றிருக்கிறான் ஓரின். வெண்டல் கண்டபடி திட்டிவிட்டுக் கதவை அறைந்து சாத்திப் போயிருக்கிறான்.

உடனே கிளம்புகிறேன். அவன் என்னை விரட்டினாலும் இன்று அங்கேதான்.

ஜூன் 20

விரட்டவில்லை. பேசவும் இல்லை. ஓரின் மதியம் வந்தான். நரி எதுவும் வரவில்லை. இருவரும் வண்டியின் பின்பலகையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. வெண்டல் சொன்னது காதில் விழுந்தது.

“நேத்து நீ கொடுத்திருந்தா, இன்னைக்கு வேற எதுக்கோ வந்திருப்ப.”

குழாயை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன்.

ஆகஸ்ட் 14

வெண்டல் தானாகப் போன் செய்தான். தக்காளி நிறையக் காய்த்திருக்கிறதாம்.

அக்டோபர் 25, சனி

மான் வேட்டை தொடங்கிவிட்டது. டாக்டர் சரி என்ற பிறகு வெண்டல் ஒரு துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு ஓரினோடு போனான். மான் கிடைக்கவில்லை. இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட்டானாம். ஓரின் கேட்கவில்லையாம்.

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து வெண்டல் போனை எடுக்கவில்லை. பழைய பயம். மூன்று மணிக்கு அவனே கூப்பிட்டான். ஓரினோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தானாம்.

“யாரு வீடுன்னு கேக்காத.”

கேட்கவில்லை. நீ என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்டேன்.

“பெருசா ஒண்ணும் சொல்லல. முதல்ல அந்த ஆளு கத்துனான். கத்தி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் அவனே உள்ள போய் துப்பாக்கிய எடுத்துட்டு வந்தான்.”