கருத்துப்போன ஈசிஜியும் ஒரு சின்னச் சரிவும்

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் தும்மி, சந்திரகிரிக் கோட்டைச் சுவரின் காரையை உதிர வைத்த என் அன்புச் சகலைக்கு,

நலம். நிஜமாகவே நலம். மார்வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்தே வீடு திரும்பி இதை எழுதுகிறேன். இந்த ஒரு பந்தயத்தில் உன்னை ஜெயித்துவிட்டேன்.

நீ மார்வலியில் போய்ச் சேர்ந்த பிறகு பயந்துபோய் நானும் ஒரு ஈசிஜி எடுத்து வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். முக்கியமான காகிதம் என்றால் நம் வீடுகளில் உடனே லாமினேஷன்தானே? போட்டேன். அந்தக் காகிதம் சூடு தாங்காதாம். என் இதயம் முழுக்க அமாவாசையாகி வெளியே வந்தது.

போன வாரம் லாரியில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது மார்பின்மேல் லோடு லாரியே ஏறி நின்றது. சரி, உன்னிடம் எதற்குப் பொய், ஒரு மாங்காய்க் கூடை. உன் மகள் கௌரி என்னைச் சித்தூருக்கு இழுத்துப் போனாள்.

ஈசிஜி கோட்டில் ஓரிடத்தில், எறும்பு உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஒரு சரிவு. அது பழசா புதுசா என்று பார்க்க டாக்டரம்மா பழைய ஈசிஜியைக் கேட்டார். பட்டாபிஷேகத்துக்குக் கிரீடம் நீட்டுவதுபோல் நீட்டினேன்.

"ஏமண்டி, இது ஈசிஜியா, கரும்பலகையா?" என்றார். "இங்கயே இருங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி எடுக்கணும். ரத்தமும் பாக்கணும்."

"லாரி நிக்குதும்மா, அனுப்பிட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன்.

கௌரி வழிமறிக்கவில்லை. "எங்க நைனாவும் இதையேதான் சொல்லிக்கினு எழுந்து வந்தாரு. கோட்டுல பெருசா ஒண்ணும் இல்லன்னு பிரியாணி துன்னாரு. நீயும் போ சித்தப்பா, பாக்கலாம்."

எமனுக்கே வழி விடாத நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஈசிஜியில் சரிவு ஆழமாகியிருந்தது. ஆம்புலன்ஸில் திருப்பதி. ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். "கோட்டுல மாற்றம் சின்னதுன்னா ஆபத்தும் சின்னதுன்னு இல்ல பெரியவரே. நேரத்துக்கு வந்தீங்க, இதயம் பெருசா கெடல. மாத்திரைய விடாம போட்டு, பீடிய விட்டா ரொம்ப நாள் நல்லா இருப்பீங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். பீடி போனதுதான் மாவட்டத்துக்கே துக்கம்.

உன் கோட்டிலும் அந்த எறும்பு உட்கார்ந்திருந்ததா, சகலை? இன்னொரு ஈசிஜி எடுக்கும்வரை நீ அந்த நாற்காலியில் இருந்திருந்தால்?

ஸ்டென்ட் வைத்து என்னை வெளியே கொண்டுவரும்வரை கௌரி அழவில்லை. அப்புறம் நிதானமாக இட்லி சாப்பிட்டாள், கை கழுவினாள், என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அடித்த ஜோக் எதுவும் எடுபடவில்லை.

ஆகவே வாக்குக் கொடுக்கிறேன். டாக்டர் இருக்கச் சொன்னால் மாமரம் மாதிரி வேர் விட்டு இருப்பேன். உன் மகள் இன்னொரு முறை அப்பாவை இழக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் இளைய சகலை,
கௌரிக்கு மிச்சமிருக்கும் சித்தப்பன்.