சிவப்பு ஓரம் போட்ட நான்கு கோப்புகள்

ஜூன் 8, 2003. ஞாயிறு

இன்று நான் சொல்லாதது இது: அப்பா உள்ளேதான் இருக்கிறார்.

வாசலில் அப்துல் காதர் நின்றிருந்தார். அப்பா இயக்குநராக இருந்த ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் ஆவண அறையைப் பார்த்துக்கொள்பவர். இந்த வெயிலில் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஐயாவிடம் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றார். அவுக ஊர்ல இல்லையே என்றாள் அம்மா. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அறைக்குள் அப்பா செய்தித்தாளைத் திருப்பும் சத்தம் எனக்குக் கேட்டது. வாசலில் நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

"வந்ததும் சொல்லுங்கம்மா. அந்த நாலு ஃபைலு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நான்கும் அப்பாவின் பீரோவில் இருக்கின்றன. சிவப்பு ஓரம், 'இரகசியம்' என்ற முத்திரை. மார்ச்சில் அப்பா ஓய்வுபெற்ற அன்று, சால்வைகளோடும் நினைவுப் பரிசுகளோடும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தன. பெட்டியைப் பிரித்தது நான்தான்.

ஜூன் 9

நாங்கள் அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது ஞாபகம் வந்தது.

ஜூன் 15

கேட்டுவிட்டேன். அப்பா கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். அவர் பதினோரு வருடம் நடத்திய ராடார் திட்டத்தின் கோப்புகளாம். அந்தத் திட்டத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார்.

"எந்தப் பக்கத்தைப் பொரட்டுனாலும் என் கையெழுத்துதான். நான் எழுதுனத நான் வச்சிருக்கேன். இது திருட்டா, சொல்லுட்டி?"

அரசாங்கத்தினுடையது இல்லையா என்றேன். அரசாங்கம்னா யாரு என்று சிரித்தார். இயக்குநராக இருந்த ஒன்பது வருடமும் அந்தக் கட்டடத்துக்குள் அரசாங்கம் அவர்தான். அதை மறுக்க முடியவில்லை.

திருப்பிக் கொடுத்தால் எடுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். டெல்லியில் ஒரு நிபுணர் குழுவுக்குத் தலைவராக அவர் பெயரைப் பரிசீலிக்கிறார்கள். இந்த நேரத்தில் முடியாது என்றார்.

ஜூலை 2

புதிய இயக்குநர் ஆவண அறை முழுவதையும் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். நான்கு கோப்புகள் இல்லை. பதிவேட்டில் அவற்றை எடுத்தவர் கையெழுத்து: அப்துல் காதர். அவரைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்துவிட்டார்கள். அம்மா கோயிலில் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

அவர் ஏன் கையெழுத்துப் போட்டார்? அப்பாவையே கேட்டேன்.

"அவன் என்னைக்குமே எங்கிட்ட ரெஜிஸ்டர நீட்டுனதில்ல. மரியாத தெரிஞ்சவன்."

அப்பா கேட்கும் கோப்பைத் தன் பெயரில் எழுதி எடுத்து வருவாராம். சாயங்காலம் தானே வந்து வாங்கிப்போய் உள்ளே வைப்பாராம். ஒன்பது வருடமும் இப்படித்தான். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் பெருமை இருந்தது.

அப்துல் காதரை இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்கள். கராச்சியில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் சீதாராமன் என்று அப்பாவின் பெயர் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமா?

அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். நானும் சாப்பிட்டேன்.

ஜூலை 13

வீட்டில் சொல்லாமல், அப்துல் காதர் குடியிருக்கும் மல்காஜ்கிரிக்குப் போனேன். ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு போர்ஷன். அவர் மனைவி எலுமிச்சை சர்பத் கொண்டுவந்து வைத்தார். "நக்கோ, வேணாம்னு சொல்லாதீங்க, வெயில்ல வந்திருக்கீங்க."

ஐயா பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அவர் கையெழுத்து எங்கேன்னு கேப்பாங்க. நான் வாங்கலியே. தப்பு என்னுதுதானம்மா? ஐயா ரிடையர் ஆன கலக்கத்துல மறந்திருப்பாங்க. நீங்க ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "நாலு நம்பரையும் நீங்க தூக்கத்துல சொல்றீங்க. உங்க ஐயாவுக்கு மட்டும் மறந்துபோச்சாக்கும்" என்றார். அவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாபகப்படுத்துகிறேன் என்றேன். எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன என்று சொல்லவில்லை. இரண்டாவது தடவை.

ஜூலை 14

குற்றம் செய்தவர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்கள் வரும் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3

அப்பாவிடம் சொல்லிவிட்டேன் — இந்த மாதத்துக்குள் கோப்புகள் போகாவிட்டால் புதிய இயக்குநருக்கு நானே எழுதுவேன் என்று. அம்மா, "பெத்த தகப்பனக் காட்டிக் குடுக்கதுக்கா ஒன்னப் படிக்க வச்சோம்?" என்றாள். அப்பா தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "பதினஞ்சாந்தேதி வரைக்கும் பொறு" என்றார்.

ஆகஸ்ட் 15

ஓய்வுபெற்ற இயக்குநர்களைக் குடும்பத்தோடு கொடியேற்றத்துக்கு அழைப்பது வழக்கம். அம்மாவுக்குத் தலைவலி. நானும் அப்பாவும் போனோம். காரில் ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தார். கனத்தைக் கொண்டே தெரிந்துகொண்டேன். அப்பா என்று மட்டும் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

கேட்டில் காவலர்கள் சல்யூட் அடித்தார்கள். எல்லாருடைய வண்டியையும் சோதிக்கிறார்கள், எங்களுடையதை இல்லை. மிட்டாய் கொடுத்த பிறகு, பழைய இடங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையோடு உள்ளே போனார். அவருக்காகக் கதவுகளைத் திறந்துவிட ஆட்கள் கூடவே ஓடினார்கள். அரைமணி நேரத்தில் வெறுங்கையோடு வந்தார்.

ஒப்படைத்துவிட்டார். இனி அப்துல் காதர் வேலைக்குத் திரும்பலாம். பல நாட்களுக்குப் பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். அவர் மேல் எவ்வளவு கடுமையாக இருந்துவிட்டேன் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 20

அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

ஆவண அறையில் கடைசி அலமாரிக்குப் பின்னால், தரையில் கோப்புகள் 'கிடைத்திருக்கின்றன'. நேற்று பெருக்கும்போது பார்த்தார்களாம்.

"கெடச்சிட்டுல்லா, பின்ன என்ன?" என்கிறார் அப்பா. "இனி அவன யாரும் கராச்சின்னு கேக்க மாட்டான். நான் அவனக் காப்பாத்தியிருக்கேன்."

இதை உண்மையாகவே நம்புகிறார். அதுதான் — அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது அப்துல் காதர் உளவாளி இல்லை. இரகசியக் கோப்புகளை ஐந்து மாதம் தரையில் போட்டுவைத்த அலட்சியக்காரர். இனி அவர் ஐயா பேரைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? பையை மடியில் வைத்துக் கொண்டுபோனவள் நான்.

செப்டம்பர் 1

லீவு போட்டுவிட்டுப் புதிய இயக்குநர் ஸ்ரீனிவாசனைப் போய்ப் பார்த்தேன். பீரோ, சால்வைப் பெட்டி, துணிப்பை, என் மடி — எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான்கு கோப்புகளின் எண்களோடு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இதை எடுத்துக்கிட்டா உங்களையும் சேர்த்துத்தாம்மா விசாரிக்கணும்" என்றார். மிரட்டலாகத் தெரியவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

விசாரியுங்கள் என்றேன்.

செப்டம்பர் 11

ஸ்ரீனிவாசனிடம் எழுதிக் கொடுத்த கடிதம் என் மேஜைமேல் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓர் ஆள் மூலம் அப்பாவுக்கே அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது கோப்பின் எண்ணை நான் தப்பாக எழுதியிருக்கிறேன். அதை மட்டும் அப்பா பேனாவால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 12

அதே கடிதத்தை மறுபடி எழுதி, அப்துல் காதரை விசாரிக்கும் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அக்டோபர் 31

பதில் வரவில்லை. நிபுணர் குழுவின் முதல் கூட்டத்துக்குத் தலைவராக அப்பா திங்கள்கிழமை டெல்லி போனார்.

ஆவணங்களைப் பாதுகாப்பதில் அலட்சியம் என்ற குற்றத்துக்காக, இருபத்தெட்டு வருட சர்வீஸுக்குப் பிறகு, அப்துல் காதருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் மல்காஜ்கிரி போனேன். வீடு பூட்டியிருந்தது. நாலு நாளைக்கு முன்பே காலி செய்துகொண்டு சொந்த ஊரான வாணியம்பாடிக்குப் போய்விட்டார்கள் என்று கீழ்வீட்டுப் பெண் தெலுங்கில் சொன்னாள்.