இரண்டு பண்டிகையும் ஒரே நாளில்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று எழுந்ததும் முதல் வேலையாக விரல் இடுக்கில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினேன், எங்கள் நர்சரியில் இது பண்டிகை வாரம், நேற்று முழுக்கக் காகிதப் பூ ஒட்டினோம். பிள்ளைகளை அவரவர் வீட்டுப் பண்டிகையை நடித்துக் காட்டச் சொன்னேன். சாமி கும்பிடுவதைக் காட்டுவார்கள் என்று பார்த்தால், ஒருத்தி இடுப்பில் கைவைத்து, தொடாதே, விருந்தாளி வரட்டும் என்று அதட்டுகிறாள், இன்னொருவன் பாயில் படுத்துக்கொண்டு நான்தான் அப்பா, லீவுல தூங்குறேன் என்கிறான். பெற்றவர்கள் வண்டவாளமெல்லாம் வெளியே வந்துவிட்டது. கடைசியில், இருக்கிற ஒரே விளையாட்டு வீட்டில் யார் பண்டிகை முதலில் என்று வேறு வேறு மதத்து வாண்டுகள் இரண்டு மல்லுக்கு நின்றன. நான் எழுந்து போவதற்குள், பட்டாணி என்று நாங்கள் கூப்பிடும் குட்டிப்பெண் துடைப்பத்தோடு வந்து, "ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுக்கலாம், ஒரு தடவ கூட்டினா போதும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

சிரித்து முடித்ததும் உன் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீயும் அதே அறையில் வளர்ந்தவள்தானே. எதிர்வீட்டுத் தையல்காரர் குடும்பத்துப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டு வந்து, இப்பவே போகணும் என்று அடம்பிடித்தாய். அப்பாதான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார், நீ சொல்லிக்கொடுத்ததை அவரும் தப்பும் தவறுமாகச் சொன்னார், அந்த வீட்டார் உங்கள் இருவருக்கும் இலை போட்டுச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினார்கள். அதே பண்டிகைதான் இப்போது உன் புகுந்த வீட்டுப் பண்டிகை. இந்தத் தடவையாவது மாமாவைக் கூட்டிக்கொண்டு வாங்க அத்தை என்று மாப்பிள்ளை போனில் கூப்பிட்டதை அப்பாவிடம் சொன்னேன். "அவங்க பண்டிகையில நமக்கென்ன வேலை" என்றார், கல்யாணம் ஆனதிலிருந்து இதே பதில்தான். நானும் வழக்கம்போல அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன், பெற்ற பிள்ளையின் வாசலில் போய் நின்று ஒரு வாழ்த்துச் சொல்லவில்லை. அப்பா பொல்லாதவர் இல்லை, உனக்கே தெரியும். உன் போன் வந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, பேப்பர் படிக்கிற சாக்கில் காதை இங்கேதான் வைத்திருப்பார்.

கழுத்து வலி என்றாயே, தலையணையை மாற்றிப் பார், மறந்துவிடாதே. இருவரும் மனம் ஒத்து நெடுங்காலம் வாழ வேண்டும். இன்னொன்று, இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும்கூட. பண்டிகைக்கு லீவு எழுதிக் கொடுக்கப்போகிறேன். அவர் கிளம்பினால் இரண்டு பேராக வருகிறோம், இல்லாவிட்டால் நான் மட்டும் வருகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா