யாரு அவன் என்று கேட்ட சனிக்கிழமை

வில்மர்டன், இண்டியானா
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எல்லிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை, ஆனால் பொய்யில் தொடங்கினால் கடிதம் எங்கே போய் நிற்குமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு நலம் என்று மட்டும் எழுதுகிறேன். உனக்கும் அங்கே உடம்பு நன்றாக இருக்க வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது, பதில் வருவதில்லை. போன வாரம் உன் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன், எல்லிஸ் இப்ப ஆட்டத்துல கவனமா இருக்கான் மேடம், நான் சொல்லிடறேன் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். பெற்ற பிள்ளையோடு பேச நடுவில் ஒருவனிடம் அனுமதி கேட்கும் காலம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். காகிதம் என்றால் ஏஜெண்ட் பிரிக்கமாட்டான் என்று நம்பி எழுதுகிறேன்.

பனி விட்டபாடில்லை. ரோடு கண்ணாடியாகக் கிடந்ததால் அப்பாவின் பள்ளி பஸ் இரண்டு நாள் ஓடவில்லை, அவர் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் நின்றார், அதில் ஒரு சண்டை. பஸ் ஓடும் நாட்களிலும் நிம்மதி இல்லை. பின் சீட்டுப் பிள்ளைகள், வெர்னன் சார், உங்க பையன் புதுக் காலேஜ்ல எவ்வளவு வாங்கினான், எங்க அப்பா ஏழு லட்சம் டாலர்ங்கறாரு, எங்க மாமா பத்துங்கறாரு என்று ஏலம் விடுவார்களாம். உக்காரு, பஸ்சு கிளம்பணும் என்பதோடு அப்பா நிறுத்திக்கொள்வார். என் கதை வேறு, பல் ஆஸ்பத்திரியில் என் மேஜைக்கு எதிரே காத்திருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்கக்கூடாதென்று பழைய பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் படிக்கிறார்கள். முன்பு அதே ஆட்கள் வாயில் பஞ்சு இருக்கும்போதும் உன் கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

உன்மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். நம் ஊர்க் கல்லூரி அணிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் உன் முதல் வருஷம் முடிந்த கையோடு இரண்டு மடங்கு சம்பளத்துக்குத் தெற்கே போனாரே, அப்போது இந்த ஊர் என்ன சொன்னது, குடும்பஸ்தன், நாலு காசு பாக்க வேணாமா என்று சொன்னது. நீ காசுக்காகக் கடலோரத்துக் கல்லூரிக்குப் போனபோது அதே வாய்தான் கூலிக்காரன் என்றது. வியர்வை சிந்துகிறவன் காசு பார்த்தால் மட்டும் துரோகம், நாற்காலியில் உட்கார்ந்து கத்துகிறவர் பார்த்தால் பிழைக்கத் தெரிந்தவர், அந்தக் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் நீ எங்களிடம் சொல்லாமல் போனாய் பார், அது வலிக்கிறது. கல்லூரி மாறும் ஆட்டக்காரர்களின் பட்டியலில் உன் பேர் வந்ததை எங்களுக்குச் சொன்னது யார் தெரியுமா, அரங்கத்தில் நமக்கு அடுத்த இருக்கைக்காரி டார்லா. சர்ச்சில் மீன் விருந்து, நாங்கள் தட்டோடு வரிசையில் நிற்கிறோம், அவள் கைபேசியை நீட்டி, வெர்னன், இது என்னன்னு பாருங்க என்றாள். அப்பா, இருக்காது, அவன் சொல்லியிருப்பான் என்றார். சொல்லிவிட்டு மீனும் வாங்கினார், தின்னவும் தின்றார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஆட்டத்தின் நடுவே டார்லாவின் மடியில்தான் தூங்குவாய். அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் உன் நம்பர் போட்ட பனியனைக் குப்பைத் தொட்டியில் போட்டதாக ஊரெல்லாம் சொன்னாள்.

நம் கல்லூரியின் இந்த வருஷ அணியைப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும். பதினோரு பேர் புதுசு. ஒருவன் நான்கு வருஷத்தில் நான்காவது கல்லூரியாம், தாடி நரைக்காத குறைதான். யார் எந்த ஊர், அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. முன்பெல்லாம் ஒரு பையன் முதல் வருஷம் பந்தைத் தவறவிட்டால், விடு, மூணாவது வருஷம் பாரு இவனை என்பார் அப்பா. இப்போது அப்படிச் சொல்ல முடிவதில்லை, மூன்றாவது வருஷம் அவன் யாருக்கு ஆடுவானோ. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு பந்து தவறினால், இதுக்கா அவ்வளவு குடுத்தோம் என்கிறார்கள். குடுத்தோம் என்கிறார்கள் பார், இருக்கைக் கட்டணத்தோடு ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் ரசிகர் நிதிக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டார்களே, அதனால் ஒவ்வொருவரும் முதலாளி.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை. உன் கடலோரத்துக் கல்லூரியும் நாமும் இப்போது ஒரே லீக் என்று யார் முடிவு செய்தார்களோ, உன்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது அதுதான். நாம் எதிரணிப் பேர்களை எப்படி வரவேற்போம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பேச்சு வருவதற்கு முன்பே கற்றுக்கொண்டவன் நீ, நம் பக்கம் மொத்தமும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு பேருக்கும் யாரு அவன் என்று ஒரே குரலில் கேட்போம். காரில் போகும்போதே அப்பா என்னிடம் சொன்னார், அவன் பேர் வரப்ப பேப்பரை மடியில வெச்சுட்டு எழுந்து நிப்பேன் லொரீன், யாரு என்ன நெனச்சாலும் சரி. சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மற்றவர்களின் பேருக்கு மட்டும் எல்லோரோடும் சேர்ந்து கத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறார், வருஷம் முழுக்க ஒதுக்கப்பட்ட மனுஷன், அவருக்கும் கொஞ்சம் மற்றவர்களோடு ஒட்டிக்கொள்ளும் ஆசை.

நம் அணியில் உன்னை எப்போதும் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாவதாக, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு. அப்பாவின் மனதில் அது அப்படியே பதிந்துகிடந்தது. உங்கள் கல்லூரியில் உன்னை மூன்றாவதாகக் கூப்பிடுவார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதல் பேர், யாரு அவன். இரண்டாவது பேர், யாரு அவன். மூன்றாவதாக எல்லிஸ் ப்ராண்ட் என்று ஒலிபெருக்கி சொல்லி முடிக்கவும், பேப்பருக்குப் பின்னாலிருந்து உன் அப்பா எல்லோரையும்விட ஒரு படி உரக்கவே யாரு அவன் என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அது உன் பேர் என்று காதில் விழுந்தது. பேப்பரை இறக்கினார். நீ அப்போது எங்கள் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், அதை நான் பார்த்தேன். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், அதற்குள் நான்காவது பேர் வந்துவிட்டது, நீ திரும்பிவிட்டாய். எதையும் கூட்டிச் சொல்லவில்லை மகனே, நடந்தது இவ்வளவுதான். வேண்டுமென்று கேட்கவில்லை. இதை நம்பு என்று உன்னிடம் கெஞ்சத்தான் எனக்குக் காகிதம் தேவைப்பட்டது.

ஆட்டம் தொடங்கியது. மாணவர்கள் உன் முகம் அச்சடித்த டாலர் நோட்டுகளை வீசினார்கள், ஒன்று பறந்து வந்து என் காலடியில் விழுந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன், உன் முகத்தை மிதிக்க மனம் வரவில்லை. இரண்டாம் பாதியில் நீ கணுக்கால் மடங்கி விழுந்தாய். இந்த அரங்கத்தில் எவன் விழுந்தாலும் சத்தம் அடங்கும், எழுந்ததும் கைதட்டுவோம், எதிரியானாலும் அப்படித்தான், அதைச் சொல்லித்தானே உன்னை வளர்த்தோம். அன்றைக்கு நீ விழுந்ததும் கைதட்டினார்கள். எழும்வரை காத்திருக்கவில்லை. அப்பா டார்லாவின் பக்கம் திரும்பி, டார்லா, விழுந்தது என் பையன் என்றார். அவளும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவன் நம்ம பையனா இருந்தப்ப நானும் துடிச்சேன் வெர்னன் என்றாள். அப்பா எழுந்து படியிறங்கிப் போனார். உங்கள் அணியின் அறைப் பக்கம் போயிருக்கிறார். வாசலில் நின்ற காவலாளி அவருடைய பஸ்ஸில் பள்ளிக்குப் போன பையன்தான், அவர் கழுத்தில் தொங்கிய அனுமதிச் சீட்டைப் பார்த்துவிட்டு, மன்னிச்சுக்கங்க சார், நீங்க நம்ம பக்க ஆளு, இந்தப் பக்கம் விட முடியாது என்று சொல்லிவிட்டான். எவ்வளவு நேரம் அங்கே நின்றாரோ. ஆட்டம் முடிந்து நான் போனபோது காரில் இருந்தார். வீட்டில் உனக்காகக் கோழி நூடுல்ஸும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்திருந்தேன், நீ வரவில்லை, உங்கள் விமானம் அன்று இரவே கிளம்பிவிட்டது என்று மறுநாள் பேப்பரில் படித்தேன். நாய்தான் தின்றது.

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு சர்ச் விட்டு வந்து உடைகூட மாற்றவில்லை, வாசலில் டிராக்டர்க் கடை ராய்ஸ் நிற்கிறார், ரசிகர் நிதிக்கு வசூல் செய்கிறவர் அவர்தான். பக்கத்தில் டார்லா, கையில் ஆப்பிள் கேக். வருஷம் முழுக்க எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். உனக்கு அங்கே பிடிக்கவில்லை, வசந்தத்தில் மறுபடி இடம் மாறப் பார்க்கிறாய் என்று உன் ஏஜெண்ட் சொல்லியனுப்பியிருக்கிறானாம். இதையும் நாங்கள் வெளியாள் வாயிலிருந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. பழசெல்லாம் மறந்துரலாம் வெர்னன், அவன் வந்தா ஊரே தோள்ல தூக்கும், அங்க குடுக்கறதுக்கு மேலயே குடுக்கலாம், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் என்றார் ராய்ஸ். டார்லா, எங்க இருந்தாலும் அவன் நம்ம பையன்தானே என்றாள். அப்பா கேக்கைப் பார்த்துக்கொண்டே, அவன் விழுந்தப்ப தட்டின கையாலதான் இதையும் சுட்டியா டார்லா என்று கேட்டார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அது ஆட்டத்துல சகஜம் வெர்னன் என்றார் ராய்ஸ். கால் எப்படி இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். அவரை நினைத்து எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை சாயங்காலம்வரைதான். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்று, லொரீன், எழுதித்தான் பாரேன், வரச்சொல்லி எழுதேன் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். இங்க வந்துட்டா அவனைக் கடைசியாத்தான் கூப்பிடுவாங்க, நான் எழுந்து நிப்பேன் என்றார். அறுபது வயது மனுஷன். அன்று வாய் தவறியதை அழிக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அவருக்காகத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கமாட்டார்கள், காசு கொடுத்து வாங்கிய மாட்டைப் பார்க்காமல் விடமாட்டார்கள். உன்னை இவர்கள் முன்பு சும்மா நேசித்தார்கள், இனி வாங்கித்தான் நேசிப்பார்கள். நீ இரண்டு ஆட்டம் சரியாக ஆடாவிட்டால் அப்பாவின் காதுக்கு அருகிலேயே கணக்குக் கேட்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது. வேறு எந்தக் கல்லூரிக்கு வேண்டுமானாலும் போ, எங்கும் போகாமல் அங்கேயே இரு, அது உன் இஷ்டம். இங்கே ஆடுவதற்கு மட்டும் வராதே. ஆட்டமில்லாத ஒரு நாள் பார்த்து, யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கு வா. அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிடு. மன்னிப்பு அது இது என்று ஒன்றும் பேச வேண்டாம், அவருக்குப் பேசவும் வராது. அவர் கேட்ட கேள்வியை நீ வீட்டில் வந்து நின்றால்தான் அவரால் மறக்க முடியும், அரங்கத்தில் நின்றால் முடியாது.

கணுக்காலுக்குக் காலையிலும் மாலையிலும் ஐஸ் வை, ஆட்டத்துக்கு அவசரப்படாதே, அவர்கள் ஊசி போட்டு இறக்கப் பார்ப்பார்கள், சம்மதிக்காதே. ஏப்ரலில் வரி கட்ட வேண்டும், அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வை, ஏஜெண்ட் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடாதே. ஒவ்வொரு கல்லூரி மாறும்போதும் படித்த பாடத்தில் பாதி கணக்கில் சேராமல் போகிறது என்கிறார்கள், கால் போன பிறகு கையில் ஒரு பட்டமாவது இருக்க வேண்டாமா, யோசி. சாப்பிடும் முன் ஜெபம் செய்கிறாயா என்று கேட்டால் கோபிப்பாய், ஆனாலும் கேட்கிறேன். ஆண்டவர் உன் காலையும் உன் மனதையும் உடையாமல் காப்பாராக. எங்கள் ஆசி நீ எந்த நிறப் பனியன் போட்டாலும் உன்னோடு இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து கதவருகே நின்று, விளையாட வரச்சொல்லி எழுதிட்டியா என்று கேட்டார். எழுதிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு மேலே எழுத முடியவில்லை.

உன் அம்மா,
லொரீன்