வலது கை அளவு

என் டீச்சரம்மாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் நம் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கடை எப்போதும் போல ஓடுகிறது. உன் செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றுகிறேன். ஓர் இலை பழுத்திருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

தினமும் ஃபோனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். மூன்று முறை சொல்ல வாயெடுத்தேன். மூன்று முறையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேற்று நீயே, "மழையைத் தவிர வேற எதுவும் கேக்க மாட்டீங்களா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை நீ அங்கே புது டாக்டரைப் பார்ப்பதற்குள் இது உன்னிடம் வந்து சேர வேண்டும்.

சுற்றி வளைக்கவில்லை. உன் ரவிக்கைச் சட்டைகளின் வலது கையை நான் பிரித்துத் தளர்த்தியிருக்கிறேன். இரண்டு முறை.

வலது மார்பில் ஆபரேஷன், மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நீ மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம். ஒருநாள் சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றினாய். வலது முழங்கைக்கு மேலே தையல் தடம் தோலில் அப்படியே பதிந்திருந்தது. இடது கையில் ஒன்றுமில்லை. நீ கவனிக்கவில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண்ணாடி முன்னால் நிற்பதே இல்லை. அதற்கு முந்தின வாரம்தான், "இனிமே இந்த உடம்புல புதுசா ஒண்ணு வந்துச்சுன்னா ஆஸ்பத்திரி வாசல மிதிக்கவே மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாய். நீ சொன்னால் செய்கிறவள். மறுநாளே கடையில் உட்கார்ந்து உள்தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டேன். பழைய ஊசித்தடம் தெரியாமல் இருக்க ஈரத்துணி போட்டுத் தேய்த்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னோர் அரை அங்குலம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதைதான்.

அப்புறம் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, சாக்பீஸ் நழுவுகிறது என்றாய். இங்கே டாக்டரிடம் போனோம். மோதிரம், சட்டை ஏதாவது இறுக்குகிறதா என்று அவர் கேட்டார். மோதிரத்தை நீ என்றைக்கோ கழற்றி வைத்துவிட்டாய். "சட்டையெல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு டாக்டர்" என்றாய். அப்போ இது மருந்தால வந்த நரம்புக் கோளாறுதான் என்று மாத்திரை எழுதினார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். அவர் மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு நர்சம்மா சீருடை அளவு கொடுக்க வந்தார். சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு என்று சொல்லி, கை மரத்துப்போவதையும் வீங்குவதையும் பற்றிக் கேட்டேன். "நரம்புன்னா மரத்துப்போகும், ஊசி குத்துற மாதிரி இருக்கும், எரியும். மருந்தால வந்ததுன்னா பெரும்பாலும் ரெண்டு கையிலயும் கால்லயும் தெரியும். நிணநீர் தேங்கினா ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கைதான் கனக்கும், இறுக்கும், அழுத்தினா சில பேருக்குக் குழி விழும். ரெண்டும் சேர்ந்தே வர்றதும் உண்டு. அளந்து பாக்காம யாராலயும் சொல்ல முடியாது" என்றார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கட்டுக்குள் வைக்கலாம், விட்டால் கை கெட்டிப்பட்டுப் போகும் என்றும் சொன்னார். கையில் டேப்பைப் பிடித்தபடி, "முதல்ல சட்டைக் கை இறுக்கும், அதைக் கேளுங்க" என்றார். அன்றைக்கு அவருடைய தோள் அளவைத் தப்பாக எழுதிவிட்டேன்.

இந்தப் பொட்டலத்தில் நீ இங்கே விட்டுப்போன நீலச் சட்டை இருக்கிறது. தளர்த்தியதைப் பிரித்து, முதலில் தைத்த கோட்டிலேயே மறுபடி தைத்திருக்கிறேன். என் அளவு நோட்டிலிருந்து உன் பக்கத்தையும் கிழித்து வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு மேற்கையும் பன்னிரண்டு அங்குலம். இப்போதைய அளவை அங்கே இரண்டு கையிலும் எடுக்கச் சொல். வீங்குவதற்குக் காரணம் என்ன என்பதையும் பார்க்கச் சொல். எனக்கு என்னென்னவோ எண்ணம் வருகிறது, எழுதப் பயமாக இருக்கிறது. அதற்குள் கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் வியாழன் வரை காத்திராதே, உடனே போ.

இன்னொன்று. நீ மகள் ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டியில் துணி அடுக்கும்போது, ஒரு சட்டையின் கையை உள்பக்கம் திருப்பி விரலால் தையலைத் தடவினாய். என்னைப் பார்த்தாய். பிறகு மடித்து வைத்துவிட்டாய். தையற்காரன் பெண்டாட்டிக்குத் தையல் தெரியாதா என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போயிற்று. உனக்கும் தெரியுமென்றால், நீயும் என்னைப் போலவே பயந்துதான் டாக்டரிடம் சட்டை எப்போதும் போலத்தான் என்று சொல்லியிருக்கிறாய். நான் கோபிக்கவில்லை. நீயும் கோபித்துக்கொள்ளாதே.

வியாழக்கிழமை அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போ. இறுக்கினால் இறுக்குகிறது என்று சொல். கை நுழையவே இல்லையென்றால் அதையும் சொல். அன்று சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன், மழையைப் பற்றிக் கேட்க மாட்டேன். எந்த அளவில் இருந்தாலும் அந்தக் கை எனக்கு வேண்டும், டீச்சரம்மா. புது அளவுக்குத் தைக்கத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். இனி உனக்குத் தெரியாமல் ஒரு நூலையும் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தையற்காரன்