அருள் கட்டிவைத்த விசில்

என் செல்ல மாப்ளே அருளு,

மோட்சத்தில் இந்நேரம் சம்மனசுகளை, அந்த தேவதூதர்களை, வரிசையில் நிறுத்தி, தலையைக் குனி, மேசைக்கடியில் போ, காலைப் பிடித்துக்கொள் என்று வதைத்துக்கொண்டிருப்பாய். பாவம், அவர்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு இதைக் கேள். ஓசூரில் பூமி ஆடியது. வராது வராது என்று நாங்கள் சொல்ல, குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை மாமா என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயே, அதேதான். நீ இல்லாத நேரமாகப் பார்த்து வந்தது.

பேப்பரில் ஒரு மூலையில் 'லேசான அதிர்வு' என்று போட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். நம் மூன்றாவது மாடியில் இருந்து பார்த்திருந்தால், பெங்களூர் எழுந்து நடந்து கிருஷ்ணகிரி அணையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பியது தெரிந்திருக்கும்.

இதை ஊரார் எல்லாரும் படிக்கப்போகிறார்கள். அதனால் உன்னைப் பற்றி அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அருள் என் அக்கா லூர்துவின் ஒரே பிள்ளை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தான். தீ, நிலநடுக்கம், எது வந்தாலும் நிற்பேன் என்று தயாராக இருந்தவனை, போன மழைக்காலத்தில் ஒரு கொசு கொண்டுபோய்விட்டது. பூமிக்கே சவால் விட்டவன் கொசுவிடம் தோற்ற நியாயத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது, மாப்ளே?

நீ போனபின் அக்காவுக்குத் துணையாக நான் உன் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்டேன். யார் யாருக்குத் துணை என்பதை நீ கேட்காதே.

அன்றைக்கு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அக்கா அடுப்பில் கறிக்குழம்பை ஏற்றிவிட்டு, உள் அறையில் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் அதே அறையில் கட்டிலில் மகாராஜா போலச் சாய்ந்திருந்தேன். ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது.

"குவாரியில வெடி வைக்கறான்" என்றேன். இந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் அதைத்தான் சொல்வான். மலைப்பக்கம் கல்லுக்கு வெடி வைத்து வைத்து, கண்ணாடி ஆடினால் கழுத்தைக்கூடத் திருப்பாத ஜனம் நாம்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடா" என்றாள் அக்கா.

அவள் சொல்லி முடிக்கும்போதும் ஆட்டம் நிற்கவில்லை. வெடி என்றால் ஒரே குத்துதான், மாமா, விடாமல் ஆடினால் அது வேற என்று நீ சொன்னது அப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது. கீழே ஜனங்கள் கத்திக்கொண்டு படியில் ஓடும் சத்தம். நானும் எழுந்து வாசலைப் பார்க்கப் பாய்ந்தேன். அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடற நேரத்துலதான் மேல வுழும்னு எம்புள்ள சொன்னான் இல்ல. உள்ள போடா."

கம்பெனியில் வேண்டாமென்று கழித்த மர மேசையை நீ தூக்கிவந்து அறையில் போட்டாயே, அதற்கடியில் இருவரும் நுழைந்தோம். அக்கா தலையையும் கழுத்தையும் கையால் மூடிக்கொண்டு மறு கையால் மேசைக்காலைப் பிடித்தாள். என் தொப்பைக்கு மட்டும் மேசை போதவில்லை. அதைப் பூமாதேவியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அப்போதுதான் பீரோ விழுந்தது. ஒரு கால் ஒடிந்து, மரக்கட்டை முட்டுக்கொடுத்து நின்றதே, அதே பீரோ. தலைமேல் தகரப்பெட்டி வேறு. கட்டை நழுவியதும் திறந்திருந்த கதவை அறைந்து சாத்திக்கொண்டு, கதவோரமாகக் குப்புறப் படுத்துவிட்டது. நீ கட்டிலை இடம் மாற்றிப் போடாமல் விட்டு, நானும் அதிலேயே கிடந்திருந்தால் என் தலை சரியாக அதற்கடியில் இருந்திருக்கும். அந்த பீரோவைச் சுவரோடு பிணைக்க இரும்புப் பட்டையும் டிரில்லிங் மிஷினுமாக நீ வந்து நின்றதும், வீட்டுக்கார நஞ்சப்பா குறுக்கே கையை விரித்து நின்றதும் நினைவிருக்கிறதா? "சுவத்துல ஓட்டை பேடா அருளு, வேணாம். வீடு எனக்கு மக மாதிரி. மக காதுலகூட நான் ஒரு ஓட்டைதான் போட்டேன்." வாடகை வீட்டில் காலண்டருக்கே ஆணி அடிக்கக் கூடாது என்கிற ஊரில், நீ பீரோவைக் காப்பாற்ற வந்தாய்.

ஆட்டம் நின்றது. கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. பீரோ அதை அடைத்துக்கொண்டு கிடந்தது. நான் ஆயிரம் யானை பலத்தோடு தள்ளினேன். பீரோவுக்குள் ஆயிரத்தொரு யானை இருந்தது. ஜன்னலுக்கோ கம்பி, அதுவும் பின்பக்கம். ஜனமெல்லாம் முன்பக்கக் காலி மனையில், கட்டடத்துக்கும் கரண்ட் கம்பிக்கும் தள்ளி நின்றுகொண்டிருந்தது. நீ பழக்கியது அது. செல்போன் ஹாலில் சார்ஜில். கத்தினோம். எங்கள் குரல் பின்னாலிருந்த கம்பெனிச் சுவரில் முட்டி எங்களிடமே திரும்பி வந்தது.

முதலில் குழம்பு தீயும் வாசனை வந்தது. பொங்கி வழிந்து கருகி, அடுப்பையும் அணைத்திருக்க வேண்டும். பிறகு கதவிடுக்கு வழியாக கேஸ் நாற்றம் வந்தது.

நான் லைட்டைப் போடக் கையை நீட்டினேன். அக்கா கையில் ஓங்கி அடித்தாள். "சுவிச்சத் தொடாத. பொறி வந்தா ரெண்டு பேரும் அவங்கிட்டயே போய்ச் சேரணும்." சொல்லிவிட்டு உன் மேசையையே பார்த்தாள். அந்த யோசனை அவளுக்கு அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லையோ என்று நான் பயந்தேன். ஜன்னலைத் திறந்தேன். புடவைகளை அள்ளி, கையெட்டிய மட்டும் கதவிடுக்கில் அடைத்தேன். நாற்றம் நிற்கவில்லை.

மேசைக்காலில் உன் விசில் தொங்கியது. சிக்கிக்கொண்டால் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்காதீங்க, இதை ஊதுங்க என்று நீ கயிறு போட்டுக் கட்டியது. ஞாயிறு தோறும் ஊதி மொத்தக் கட்டடத்தையும் மேசைக்கடியில் தள்ளி, எல்லார் சாபத்தையும் வாங்கியது. நான் கையை நீட்டுவதற்குள் அக்கா அதைப் பிடுங்கி முந்தானையில் மூடிக்கொண்டாள்.

"ஊதுக்கா."

"மாட்டன்."

"அப்ப எங்கிட்ட குடு."

"கடைசியா அவன் வாய் வச்சது இது. தூசிகூடத் துடைக்காம வச்சிருக்கறன். அவன் மூச்சு உள்ள இருக்குது. நீ ஊதித் தள்ளிடுவ."

நான் எத்தனை அண்டப்புளுகு புளுகுகிறவன் என்று உனக்குத் தெரியும். கலெக்டரை ஏமாற்றி டீ வாங்கிக் குடித்ததாகச் சொல்லி ஊரையே நம்பவைத்தவன். அந்த நேரம் ஒரு பொய்கூட வாயில் வரவில்லை, மாப்ளே. அறை சுருங்கிக்கொண்டே வந்தது. தலை கனத்தது. அவள் முந்தானைக்குள் விசில், எனக்கு எதிரில் அக்கா, எங்களைச் சுற்றி நாற்றம். பிடுங்கி ஊதியிருக்கலாம். அவள் கை அவ்வளவு பலமில்லாதது. ஆனால் பிடுங்கிய பிறகு அந்த முகத்தை எத்தனை வருஷம் பார்க்க வேண்டும்?

அப்போது மறுபடியும் ஆடியது. ஒரு ஆட்டத்தோடு முடியாது, பின்னாலேயே குட்டிகள் வரும் என்றாயே. சின்னக் குட்டிதான். ஆனால் அது வந்தபோது நான் நடு அறையில் நின்றிருந்தேன். அக்கா மேசைக்கடியில். மேலே பரணில் இருந்து பித்தளை அண்டா உருண்டு, என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

"டேய், உள்ள வாடா" என்று அலறினாள். அந்தக் குரலை நான் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நான் தவழ்ந்து போய்ச் சேர்வதற்குள் விசில் அவள் வாயில் இருந்தது.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு நீளமாக, விட்டு விட்டு, நீ ஊதுவாயே, அப்படியே. அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். நான் அண்டாவை எடுத்துச் சுவரில் தாளம் போட்டேன்.

படியேறி வந்தது நஞ்சப்பாதான். நாற்றம் பிடித்ததும் எதையும் தொடாமல் நேரே போய் சிலிண்டரை மூடி, சமையலறை ஜன்னலைத் திறந்தாராம். அதுவும் நீ சொல்லிக்கொடுத்தது. பிறகு நாலு பேர் சேர்ந்து மகள் மாதிரி வளர்த்த வீட்டின் கதவைப் பிளந்தார்கள். நாங்கள் இடுக்கு வழியாக வெளியே வந்தோம். என் தொப்பை வந்தது தனி வரலாறு.

காலி மனையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அக்கா விசிலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "உள்ள இருந்தது போயிருக்கும் இல்லடா?"

பக்கத்தில் நின்ற நஞ்சப்பா கையைக் காட்டினார். மயிரெல்லாம் நட்டுக்கொண்டிருந்தது.

"நான் சத்தியமா பயந்துட்டேன்மா. யார் ஊதறாங்கன்னே தோணல. அருளு வந்துட்டான், மேல போகச் சொல்றான்னுதான் ஓடிவந்தேன். வேற விசிலா இருந்தா அந்த நேரத்துல யாரு திரும்பவும் மாடி ஏறுவாங்க?"

அக்கா அப்போது அழுதாள். நீ போன அன்றைக்கு அழாத அழுகை.

இப்போது நிலவரம் சொல்கிறேன். மறுநாளே நஞ்சப்பா டிரில்லிங் மிஷினோடு வந்தார். எங்கே ஓட்டை போட வேண்டும் என்று அக்கா விரல் வைத்துக் காட்ட, அவரே போட்டார். போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீ வாங்கிவைத்த அதே இரும்புப் பட்டைதான். பீரோ இப்போது சுவரோடு ஒட்டி நிற்கிறது. தகரப்பெட்டியும் அண்டாவும் தரைக்கு வந்துவிட்டன. விசில் மறுபடியும் மேசைக்காலில். ஞாயிறு தோறும் பூசை முடிந்து வந்ததும் உன் அம்மா அதை ஊதுகிறாள். மொத்தக் கட்டடமும் மேசைக்கடியில் போகிறது. இப்போது யாரும் சபிப்பதில்லை.

நான் கொடுக்கும் வாக்கு இதுதான்: நான் இருக்கும்வரை, அவள் ஊதும்போது முதல் ஆளாக மேசைக்கடியில் இருப்பேன். அவளுக்குப் பாதி இடம் விட்டு. அதற்காகத் தொப்பையைக் குறைப்பேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் உன்னிடம் மட்டும் பொய் வரமாட்டேன் என்கிறது.

உன் மேசையில் முக்கால்வாசியை அடைத்துக்கொள்ளும்,
உன் தாய்மாமன்.